வயரில்லாக் கருவிகளால் வீட்டையும் தோட்டத்தையும் இயக்குவது: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கான கேள்வி பதில்

ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை. பாலக்கோட்டிலோ பர்கூரிலோ வீடு, அதில் வயதான அப்பா அம்மா. ஊருக்கு வெளியே நிலம், அதில் ஒரு போர்வெல். இந்த இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ குடும்பங்களின் நிலை இதுதான். கைப்பேசியில் இருந்தே விளக்கு, கேட், கேமரா, மோட்டார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்றால், முடியும். ஆனால் வாங்கப்போகும் ஒவ்வொரு கருவியைப் பற்றியும் முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும்: கரண்டோ சிக்னலோ நடுவில் போனால் இது எந்த நிலையில் நிற்கும்? கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே வருகின்றன.

வைஃபை, புளூடூத், ஜிக்பீ, ஜி.எஸ்.எம். என்று ஏதேதோ சொல்கிறார்கள். எதை எடுப்பது?

வீட்டுக்குள் பத்துப் பதினைந்து கருவிகள் என்றால் வைஃபை போதும். தனியாக ஹப் (கருவிகளை ஒன்றுசேர்க்கும் நடுப்பெட்டி) எதுவும் வேண்டாம். பெரும்பாலான ஸ்மார்ட் பிளக், சுவிட்ச் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். அந்த அலை 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவரை நன்றாகத் தாண்டும்.

பேட்டரியில் ஓடும் கதவு சென்சார், அசைவு சென்சார் அதிகம் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஜிக்பீ (வைஃபை போல இன்னொரு ரேடியோ முறை) நல்லது. மின்சாரம் மிகக் குறைவாக இழுக்கும், சின்ன பட்டன் பேட்டரியே பல மாதம் வரும். கரண்டில் ஓடும் ஜிக்பீ பிளக்குகள் பக்கத்துக் கருவியின் சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். இதற்கு ஒரு ஹப் வேண்டும். வாங்கும்போது, இணையம் இல்லாத நேரத்திலும் அந்த ஹப் வீட்டுக்குள் வேலை செய்யுமா என்று கேளுங்கள்.

புளூடூத் மட்டும் உள்ள கருவியை வெளியூரில் இருந்து இயக்க முடியாது. ஜி.எஸ்.எம்., அதாவது சிம் போட்டு இயங்குவது, இணைய வசதி இல்லாத நிலத்துக்கு. 'மேட்டர்' என்ற பொதுத்தரம் 2022 அக்டோபரில் வெளிவந்தது. அந்த முத்திரை உள்ள கருவி ஒரே நிறுவனத்தின் ஆப்போடு கட்டுண்டு கிடக்காது. விலை கொஞ்சம் கூடினாலும் எடுக்கலாம்.

ஆப்பில் சேர்க்கும்போதே "கருவி கிடைக்கவில்லை" என்று வருகிறது. ஏன்?

பெரும்பாலான வீடுகளில் காரணம் ரவுட்டர்தான். 2.4, 5 இரண்டையும் ரவுட்டர் ஒரே பெயரில் கொடுத்திருக்கும். கைப்பேசி 5-இல் இருக்கும், பிளக் 2.4-இல் தேடும். ரவுட்டர் அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். கைப்பேசியை 2.4 பெயரில் இணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். கைப்பேசியில் லொகேஷனும் புளூடூத்தும் ஆன் ஆகியிருக்க வேண்டும், வி.பி.என். (இணையத்துக்கு மறைவான தனிப்பாதை போடும் வசதி) ஆஃப் ஆகியிருக்க வேண்டும். வைஃபை கடவுச்சொல்லில் தமிழ் எழுத்தோ விசித்திரமான குறியீடோ இருந்தாலும் சில கருவிகள் தடுமாறும்.

பழைய கருங்கல் சுவர் வீடு. பின்கட்டுக்குச் சிக்னலே போகவில்லை.

ஒன்றரை அடிக் கல்சுவர் இரண்டைத் தாண்டினால் வைஃபை கிட்டத்தட்ட செத்துவிடும். கருவி வைக்கப்போகும் இடத்தில் கைப்பேசியைப் பிடித்து, சிக்னல் அளக்கும் ஆப் ஒன்றில் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல எண், அதாவது மைனஸ் 60, 50 என்றால் கேமராவே வைக்கலாம். மைனஸ் 75-ஐத் தாண்டி மோசமானால் சுவிட்ச் கூட அடிக்கடி ஆஃப்லைன் காட்டும்.

சிக்னலைத் திரும்ப ஒலிபரப்பும் மலிவு ரிப்பீட்டரை இரண்டாம் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழி, ரவுட்டரில் இருந்து பின்கட்டு வரை ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே வைஃபை பரப்பும் இன்னொரு பெட்டி (ஆக்சஸ் பாயின்ட்) வைப்பது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வெளியே இழுத்தால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிளாக, பைப்புக்குள் விடுங்கள்.

வீட்டு மாடியில் இருந்து நிலத்துக் கொட்டகை நேராகக் கண்ணுக்குத் தெரிகிறதா? அப்படியானால் பாயின்ட் டு பாயின்ட் ரேடியோ ஜோடி ஒன்றைப் பொருத்தி ஓரிரு கிலோமீட்டர்கூட வைஃபையைக் கொண்டுபோகலாம். நடுவில் ஒரு புளியமரம் இருந்தாலும் போச்சு. மழைக்காலத்தில் நனைந்த இலை இன்னும் மோசம்.

ஸ்மார்ட் சுவிட்சுக்கு நியூட்ரல் வேண்டுமாமே?

வேண்டும். சாதாரண சுவிட்ச் ஃபேஸை வெட்டி ஒட்டும், அவ்வளவுதான். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் இருக்கும் வைஃபை சிப்பு எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலான மாடல்களில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் தேவை. பிளக் பாயின்ட் இருக்கும் போர்டில் நியூட்ரல் இருக்கும். மாடிப்படி, குளியலறை வாசல் போன்ற ஒற்றை சுவிட்ச் பெட்டிகளில்தான் இருக்காது.

இருக்கும் சுவிட்சை மாற்றாமல் பின்னால் சொருகும் சின்ன மாட்யூல்கள் கிடைக்கின்றன. பழைய சுவிட்சும் வேலை செய்யும், கைப்பேசியும் வேலை செய்யும். அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். அவர்கள் எதையும் புதிதாகப் பழக வேண்டாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை: மெயினை இறக்கிவிட்டு டெஸ்டரால் சரிபார்க்கவும். ஒரு அறையின் நியூட்ரல் இல்லை என்று அடுத்த சர்க்யூட்டின் நியூட்ரலை இழுத்துக் கொடுத்தால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) திரும்பத் திரும்ப விழும். எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரும்புப் பெட்டிக்குள் மாட்யூலை ஆழமாகத் தள்ளினால் சிக்னல் அடைபடும், முன்பக்கப் பிளாஸ்டிக் தட்டை ஒட்டி இருக்கட்டும்.

ஸ்மார்ட் பிளக்கில் கீசர், ஏ.சி., தண்ணீர் மோட்டார் போடலாமா?

கீசர்: 2 கிலோவாட் என்றால் சுமார் 9 ஆம்பியர், 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் தாங்கும். 10 ஆம்பியர் பிளக்கில் போட்டால் பிளாஸ்டிக் உருகும். பிளக் சொருகிய அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை, சுட்டால் சாக்கெட் லூசாக இருக்கிறது என்று அர்த்தம். சாக்கெட்டைத்தான் மாற்ற வேண்டும்.

ஏ.சி.: ரிமோட் வேலையைச் செய்யும் இன்ஃப்ராரெட் பெட்டி ஒன்று வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரின் கரண்டை பிளக்கில் வெட்டுவது ஏ.சி.க்கு நல்லதல்ல.

மோட்டார்: கூடாது. ஒரு குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிளக்குக்குள் இருக்கும் சின்ன ரிலேயின் (சிக்னல் வந்தால் கரண்டை வெட்டி ஒட்டும் சுவிட்ச்) முனைகள் அந்தப் பொறியில் ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். டேங்க் வழிவதோ, தொட்டித் தண்ணீர் தீர்ந்து மோட்டார் புகைவதோ அதற்குப் பிறகு. சரியான வழி, ஸ்மார்ட் சுவிட்ச் ஒரு கான்டாக்டரின் (பெரிய கரண்டைத் தாங்கும் காந்த சுவிட்ச்) காயிலை மட்டும் இயக்க வேண்டும், மோட்டாரின் கரண்டு கான்டாக்டர் வழியாகப் போக வேண்டும்.

ஃபேன் வேகத்தை மாற்றினால் இரைச்சல் வருகிறதே?

விளக்கு மங்கவைக்கும் டிம்மரை ஃபேனுக்குக் கொடுத்திருப்பார்கள். ஃபேனுக்குக் கபாசிட்டர் வகை ரெகுலேட்டர் உள்ள மாட்யூல் வேண்டும். ரிமோட்டோடு வரும் குறைந்த மின்சார பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் ரெகுலேட்டரே கூடாது. நேரடிக் கரண்டு கொடுத்து, அதன் ரிமோட் சிக்னலைத்தான் ஆப்புக்குள் கொண்டுவர வேண்டும்.

கரண்ட் போய் வந்ததும் எல்லா விளக்கும் தானாக எரிகிறது. நடுராத்திரியில் தொல்லை.

பெரும்பாலான கருவிகளின் அமைப்பில் "கரண்ட் வந்தபின் நிலை" என்று ஒன்று இருக்கும்: ஆன், ஆஃப், முன்பு இருந்தபடி என மூன்று வாய்ப்புகள். விளக்குக்கு "முன்பு இருந்தபடி". கீசர், அயர்ன்பாக்ஸ், மோட்டார் எதுவானாலும் "ஆஃப்". வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கிடைக்கிறது. ரவுட்டர் சராசரியாக 8 முதல் 10 வாட் எடுக்கும், 32 வாட்-மணி பேட்டரி உள்ள மினி யு.பி.எஸ். மூன்று மணி நேரம் தாங்கும். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் பேக்கப் வேண்டும். ஒன்றை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை.

ஒகேனக்கல் தண்ணீர் தொட்டியில் விழுகிறது, அங்கிருந்து மாடி டேங்குக்கு ஏற்ற வேண்டும். இதைத் தானாகச் செய்யலாமா?

செய்யலாம், இந்தப் பகுதி வீடுகளுக்கு மிகவும் உதவும் வசதி இதுதான். கூட்டுக் குடிநீர் எப்போது வருமோ அப்போதுதான் தரைத்தொட்டி நிரம்பும். மாடி டேங்க் காலியா என்று மட்டும் பார்த்து மோட்டாரைப் போடும் கருவி, தொட்டியில் தண்ணீர் இல்லாத நாளில் மோட்டாரை வெறுமனே ஓட்டிக் கருக்கும். அதனால் சென்சார் இரண்டு இடத்தில் வேண்டும்: மேலே நிரம்பியதா, கீழே இருக்கிறதா.

மாடியில் இருந்து கீழே வயர் இழுக்க முடியாவிட்டால் ரேடியோ வகைக் கருவி எடுங்கள். மேலே இருக்கும் அனுப்பும் பெட்டி சூரியத்தகட்டிலோ பேட்டரியிலோ ஓடும். அதன் பேட்டரி தீர்ந்துபோனால் கீழ்ப்பெட்டி மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். சில மலிவுக் கருவிகள் கடைசியாக வந்த "காலி" செய்தியைப் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும். கடையிலேயே மேல்பெட்டியின் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

சென்சாரில் இரண்டு வகை உண்டு. தண்ணீரில் தொங்கும் கம்பிமுனை வகை நம் போர்வெல் தண்ணீருக்கு ஆகாது, உப்புப் படிந்து சில மாதங்களில் ஏமாற்ற ஆரம்பிக்கும். காந்த மிதவை வகை நீண்ட நாள் வரும். எதுவானாலும் அதிகபட்ச ஓட்ட நேரம் ஒன்றை வையுங்கள்: டேங்க் நிரம்ப 25 நிமிடம் ஆகும் என்றால் 35 நிமிடத்தில் எது எப்படிப் போனாலும் மோட்டார் நிற்கட்டும்.

தோட்டத்து மும்முனை மோட்டாரை வீட்டில் இருந்து போடுவது எப்படி?

சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் இதற்கென்றே வருகிறது. ஏற்கெனவே உள்ள டி.ஓ.எல். ஸ்டார்ட்டரோடு (பச்சை, சிவப்புப் பட்டன் வைத்து மோட்டாரை நேரடியாகக் கிளப்பும் பெட்டி) இணைக்கும் பெட்டி ஒரு வகை, முழு ஸ்டார்ட்டரே மற்றொரு வகை. இணைக்கும் பெட்டியின் ஆன் ரிலே பச்சைப் பட்டனுக்கு இணையாகவும், ஆஃப் ரிலே சிவப்புப் பட்டனோடு வரிசையிலும் போகும். ஸ்டார்ட்டரின் காயில் பெரும்பாலும் 415 வோல்ட், பெட்டிக்கு வேண்டியது வேறாக இருக்கலாம். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் கொடுத்ததால் முதல் நாளே கருகியவை நிறைய. பெரிய மோட்டார்களுக்கான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் வயரிங் வேறு, அதற்கென உள்ள மாடலைத்தான் வாங்க வேண்டும்.

ஆன், ஆஃப் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பாதுகாப்பில்தான் கருவியின் மதிப்பே இருக்கிறது.

ஒரு ஃபேஸ் போனால் நிறுத்த வேண்டும். இரண்டு ஃபேஸில் ஓடும் மும்முனை மோட்டார் சில நிமிடங்களில் வைண்டிங் கருகிவிடும். கண்டென்சர் (கபாசிட்டர்) வைத்து இரண்டு ஃபேஸில் ஓட்டும் இடங்களில் இந்தப் பாதுகாப்பு குழம்பிவிடும், இல்லாத ஃபேஸ் இருப்பது போலத் தெரியும்.

ஃபேஸ் வரிசை மாறினால் கிளம்பக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரில் வேலை நடந்தபின் வரிசை மாறி வருவதுண்டு. மோட்டார் தலைகீழாகச் சுற்றும், சத்தம் வரும், தண்ணீர் மட்டும் சொட்டும்.

தண்ணீர் வற்றினால் நிறுத்த வேண்டும். கோடையில் தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைகளில் அரை மணியில் தண்ணீர் இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் சுற்றும் மோட்டாரின் ஆம்பியர் குறையும், கருவி அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. நல்ல தண்ணீர் வரும்போது ஆம்பியரைக் குறித்து, அதில் முக்கால் பங்கை எல்லையாக வையுங்கள். 10 ஆம்பியர் என்றால் 7.5. மறுபடி கிளம்பும் முன் ஊற்று ஊற நேரம் கொடுங்கள். இதற்குப் பொது எண் கிடையாது, உங்கள் துளைதான் சொல்லும்.

தானியங்கி முறையில் வைத்தால், கரண்ட் வந்தபின் இரண்டு மூன்று நிமிடம் தள்ளிக் கிளம்பச் செய்யுங்கள். ஊரில் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும், எதுவும் ஒழுங்காக எழாது.

இன்னொன்று, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. தூரத்தில் இருந்து இயங்கும் மோட்டாரை யார் எப்போது போடுவார்கள் என்று கிணற்றடியில் இருப்பவருக்குத் தெரியாது. பம்பைத் தூக்கவோ கேபிளைத் தொடவோ போகிறவர் மெயினை இறக்கி, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பில் ஆஃப் என்று இருப்பதை நம்பி ஒருவரும் கை வைக்கக் கூடாது.

மொபைல் ஸ்டார்ட்டரில் ஜியோ சிம் போட்டேன், வேலை செய்யவில்லை.

பெட்டிக்குள் இருப்பது 2ஜி மோடமாக இருக்கும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். ஆகியவற்றில் எதன் 2ஜி உங்கள் நிலத்தில் கிடைக்கிறதோ அந்த சிம்மைப் போடுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜி மாடலாகவே வாங்குங்கள், 2ஜியை நம்பி இனி முதல் போட வேண்டாம்.

சிம்மை முதலில் கைப்பேசியில் போட்டு, அதன் பின் எண் (PIN) பூட்டை நீக்கிவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட எண்களைக் குறுஞ்செய்தி மூலம் பதிவு செய்யுங்கள். அதைச் செய்யாத பெட்டிகளில் விளம்பர அழைப்பு வந்தாலே மோட்டார் கிளம்பும். ரீசார்ஜ் முடியும் தேதியைக் கைப்பேசியில் நினைவூட்டலாக வையுங்கள். "கருவி கெட்டுவிட்டது" என்று கழற்றி வரும் பெட்டிகளில் பல, சிம் காலாவதியானவை. அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் சிக்னல் மெலிந்த இடமென்றால், பெட்டியின் ஆன்டெனாவை இரும்புப் போர்டுக்கு வெளியே நீட்டி, மூன்று மீட்டர் வயரோடு கம்பத்தில் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டுக்குக் கேமரா எத்தனை, எங்கே, மெமரி கார்டு எவ்வளவு?

இரண்டு போதும் என்றால் ஒன்று வாசல், ஒன்று பின்கதவு. எட்டு முதல் பத்தடி உயரம் நல்லது. அதற்கு மேல் போனால் தலையின் உச்சிதான் தெரியும், முகம் தெரியாது. மாலை வெயில் நேராக விழும் திசையைத் தவிருங்கள்.

கணக்கு எளிது. 1080 தரத்தில் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 0.9 ஜிபி, ஒரு நாளுக்கு 21.6 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஐந்தரை, ஆறு நாள். எச்.265 என்ற, வீடியோவை இன்னும் சுருக்கும் முறையில் பதியும் கேமராவில் ஏறக்குறைய இரு மடங்கு நாள் வரும். சாதாரண கார்டு இடைவிடாத பதிவைத் தாங்காது, கேமராவுக்கென்று 'ஹை எண்டூரன்ஸ்' என்று எழுதி வருவதை வாங்குங்கள். மாதம் ஒருமுறை பழைய பதிவு ஒன்றைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். திருட்டு நடந்தபின்தான் கார்டு செத்து வெகுநாளானது பலருக்குத் தெரியவருகிறது.

இரவில் வெள்ளைப் புகை போலத் தெரிகிறதா? கேமராவின் முன் சிலந்தி வலை. அதன் இன்ஃப்ராரெட் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வாரம் ஒருமுறை நீளத் துடைப்பத்தால் தட்டிவிடுவதுதான் தீர்வு. சற்றுத் தள்ளி வேறொரு விளக்கு எரிந்தால் பூச்சி அங்கே போகும்.

கேமராவைக் கொண்டுபோகவே வரும் திருடர்களும் உண்டு, கார்டு அதற்குள்ளேயே இருக்கிறது. முக்கியமான கேமராவின் பதிவு வீட்டுக்குள் பூட்டிய அலமாரியில் உள்ள ரெக்கார்டருக்கோ கிளவுடுக்கோ போகட்டும். பக்கத்து வீட்டு முற்றமும் குளியலறை ஜன்னலும் படத்தில் விழாதபடி திருப்புங்கள், அமைப்பில் அந்தப் பகுதியை மறைக்கவும் வசதி உண்டு.

மாந்தோப்பில் கரண்டும் இல்லை, இணையமும் இல்லை. காய் திருட்டைப் பார்க்க என்ன வழி?

சூரியத்தகடு, சிம் இரண்டும் உள்ள 4ஜி கேமரா. இதில் இரண்டு இனம். அசைவு வந்தால் மட்டும் விழிக்கும் வகை சின்னத் தகட்டிலேயே ஓடும். ஆனால் விழிக்க ஓரிரு நொடி ஆவதால் வேகமாகப் போகிறவர் முதுகுதான் கிடைக்கும். எப்போதும் பதியும் வகை சுமார் 5 வாட் எடுக்கும், ஒரு நாளுக்கு 120 வாட்-மணி. மழைமூட்ட நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் 60 வாட் தகடும் 12 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் வேண்டும். மாமர நிழல் விழாத கம்பத்தில், தெற்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள்.

நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் மணிக்கு 0.9 ஜிபி போய்விடும். தினம் 2 ஜிபி தரும் திட்டம் இரண்டு மணி நேரத்தில் தீரும். பதிவு கார்டிலேயே இருக்கட்டும், கைப்பேசிக்கு எச்சரிக்கைப் படம் மட்டும் வரட்டும். அறுவடைக் காலத்தில் காற்றில் ஆடும் கிளையே நூறு முறை எச்சரிக்கும். மனித உருவத்தை மட்டும் பிடிக்கும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள், அசைவு எல்லையைப் பாதைமீது மட்டும் வரையுங்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை, பன்றி வருகிறது. வேலிக்கு ரிமோட் சுவிட்ச் வைத்துக் கரண்ட் விடலாமா?

கூடாது. வீட்டு, விவசாயக் கரண்டை வேலியில் விடுவது குற்றம், மனிதரும் சாவார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. துடிப்பு முறையில் இயங்கும் சூரிய மின்வேலிதான் வழி, அதற்கும் வனத்துறையின் விதிகள் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வயரில்லாக் கருவிகள் இங்கே செய்யக்கூடியது எச்சரிக்கை மட்டும்: காட்டோரக் கம்பத்தில் அசைவு சென்சார், கொட்டகையில் ஒலி, கைப்பேசிக்குச் செய்தி. யானை வந்த செய்தி வந்தால் வெளியே போய்ப் பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அசைவு சென்சார் ஆளில்லாமலே கத்துகிறது. கதவு சென்சார் கத்துவதே இல்லை.

அசைவு சென்சார் உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கிறது. அதன் கண்ணாடிமேல் ஒரு பல்லி ஊர்ந்தால் அதற்கு அது யானை அளவு. மூலையில் ஏழடி உயரத்தில், விளக்கில் இருந்து தள்ளி வையுங்கள். விளக்கடியில்தான் பல்லி கூடும். சித்திரை வெயிலில் தகர, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் சுவரே 37 டிகிரியைத் தொட்டுவிட்டால் மனிதரும் சுவரும் அதற்கு ஒன்றாகிவிடுவார்கள். அப்படிப்பட்ட அறைக்குக் கதவு சென்சாரே நம்பகமானது.

கதவு சென்சாரில் காந்தத்துக்கும் பெட்டிக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரும்புக் கதவில் நேரடியாக ஒட்டினால் காந்தப்புலம் இரும்புக்குள் போய்விடும், நடுவில் அரை அங்குல மரத்துண்டோ பிளாஸ்டிக்கோ வையுங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் மலிவு அலாரங்களில் ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பும். அதைப் பதிவு செய்து திரும்ப அனுப்பி அலாரத்தை அணைக்க முடியும். குறியீடு மாறிக்கொண்டே இருக்கும் 'ரோலிங் கோட்' வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்மார்ட் பூட்டு எங்கள் வீட்டுக் கதவுக்குப் பொருந்துமா?

ஒற்றைக் கதவாக, 35 முதல் 50 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால் பொருந்தும். நடுவில் பிளந்த பழைய இரட்டைக் கதவுக்குப் பொருந்தாது. மழைக்காலத்தில் உப்பிச் சிக்கும் மரக்கதவில் பூட்டின் மோட்டார் திணறிப் பேட்டரியைத் தின்னும், முதலில் ஆசாரியை அழைத்து இழைத்துவிடுங்கள். சாவித்துளையும், வெளியில் இருந்து அவசரப் பவர் கொடுக்கும் முனையும் கட்டாயம். வயல்வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை சரியாகப் பதியாது. பெரியவர்களுக்கு எண் அல்லது கார்டு கொடுங்கள்.

இதையெல்லாம் வேறு யாராவது திறந்து பார்க்க முடியுமா?

முடியும், பெரும்பாலும் நாம் விட்டுவைத்த வழியாக. 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்தது. அது உள்ளே போனது, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கருவிகளுக்குள். எனவே முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது, இரண்டாவது ஆப்பில் இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்வது. கருவிகள் எல்லாவற்றையும் ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் தனியே வையுங்கள், வங்கி ஆப் இருக்கும் கைப்பேசி வேறு வைஃபையில் இருக்கட்டும். இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவெண் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

நம் ஊர்களில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. கேமராவைப் பொருத்த வந்தவர் அவசரத்துக்குத் தன் கைப்பேசி எண்ணிலேயே கணக்கைத் திறந்து, உங்களுக்குப் பகிர்ந்துவிட்டுப் போவார். வீட்டுக்கு உரிமையாளர் நீங்கள், கேமராவுக்கு உரிமையாளர் அவர். ஆப்பில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து "உரிமையாளர்" யார் என்று இப்போதே பாருங்கள். உங்கள் எண் இல்லையென்றால் கருவியை முழுதாக ரீசெட் செய்து உங்கள் எண்ணில் புதிதாகச் சேருங்கள். குடும்பத்தாருக்குக் கடவுச்சொல்லைச் சொல்லாமல் ஆப்பின் பகிர்வு வழியாகவே கொடுங்கள்.

கணக்குப் பறிபோய்ப் பண மோசடி வரை போனால் 1930-ஐ உடனே அழையுங்கள்.

ரெக்கார்டருக்கு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியில் இருந்து உள்ளே வர வழி திறப்பது) செய்தும் வெளியூரில் இருந்து திறக்கவில்லை.

பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. வெளியில் இருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டரை எட்டவே எட்டாது. ரெக்கார்டரின் கியூ.ஆர். குறியீட்டு முறையையோ, வயர்கார்ட் வகை வி.பி.என். ஒன்றையோ பயன்படுத்துங்கள். போர்ட்டைத் திறந்து வைப்பது எப்படியும் ஆபத்துதான், வேலை செய்யாததே நல்லது.

இடி இடித்தால் ஒவ்வொரு கோடைமழைக்கும் ஏதாவது ஒன்று போய்விடுகிறது.

முதலில் எர்த்தைப் பாருங்கள். பாறை நிலத்தில் எர்த் குழி காய்ந்து பேருக்குத்தான் இருக்கும், கோடையில் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும். மெயின் போர்டில் சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) தடுப்பான் ஒன்று, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பொருத்துங்கள். எர்த் சரியில்லாமல் சர்ஜ் தடுப்பான் வேலை செய்யாது. மின்னல் கரண்ட் வழியாக மட்டும் வருவதில்லை, மாடிக் கேமராவுக்குப் போகும் லேன் கேபிள் வழியாகவும் வந்து ரெக்கார்டரைச் சாகடிக்கும். மாடிக்கும் கொட்டகைக்கும் வயரில்லாமல் போவதன் லாபம் இங்கே தெரியும். செம்புக் கேபிள் தவிர்க்க முடியாவிட்டால் அதற்கும் தனித் தடுப்பான் உண்டு.

பணம் கொஞ்சம்தான். எதில் தொடங்குவது?

மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதில் தொடங்குங்கள். அடுத்து ரவுட்டருக்கு மினி யு.பி.எஸ். பிறகு வாசல் கேமரா ஒன்று, தண்ணீர் மட்டக் கருவி ஒன்று. நிலம் இருப்பவர்களுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் இவற்றுக்கு முன்பே வரலாம், இரவில் பாம்பும் தேளும் உள்ள வரப்பில் மோட்டார் போட நடக்க வேண்டியதில்லை என்பதே பெரிய காரணம். வண்ணம் மாறும் விளக்கெல்லாம் கடைசியில்.

வாடகை வீட்டைக் காலி செய்யும்போதோ கருவியை விற்கும்போதோ என்ன செய்ய வேண்டும்?

ஆப்பில் கருவியை நீக்குங்கள், பிறகு அதன் பட்டனை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்யுங்கள். ரீசெட் மட்டும் செய்தால் சில கருவிகள் பழைய கணக்கை விடாது, வாங்கியவரால் சேர்க்க முடியாது. கேமராவின் மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். மொபைல் ஸ்டார்ட்டரில் பதிந்த எண்களை அழித்து சிம்மை எடுத்துவிடுங்கள். பூட்டில் ரேகைகளையும் எண்களையும் நீக்குங்கள். சுவிட்சுக்குப் பின்னால் வைத்த மாட்யூலை எடுக்கும்போது பழைய இணைப்பைத் திரும்பக் கொடுத்து, அந்தச் சுவிட்ச் கையால் வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.